அனுப்புதலும் விடுதலும்

செப்டம்பர் மாதத்தில் திருச்சிலுவைத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் மணப்பாட்டில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஆண்டு முழுதும் உப்புக் காற்றில் துருவேறிய தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விடுவார்கள். மும்பையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். பதினான்காம் தேதி மணற்குன்றின் மேலுள்ள சிலுவைக் கோவிலில் திருவிழா நிறைவுறும். பிறகு ஒரு வாரத்துக்குள் அதே தாழ்ப்பாள்கள் மீண்டும் விழுந்துவிடும். வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் இதைப் பார்த்துவிட்டு, 'கடற்கரைக்காரர்களுக்குப் பிள்ளைகளை விட்டுவிடத் தெரிந்திருக்கிறது' என்று வியந்து போவதுண்டு. இந்தப் பாராட்டுக்கு நாங்கள் உரியவர்கள்தாமா என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

பிள்ளைகளை அனுப்புவது எங்களுக்குக் கைவந்த கலை. ஊரின் பெரிய மாடி வீடுகளில் பலவும் கொழும்பு வணிகத்தில் சேர்ந்த பணத்தால் எழுந்தவை. மீசை முளைக்காத வயதிலேயே பையனைத் தோணியேற்றிக் கொழும்பிலிருந்த மாமன் கடைக்கோ சித்தப்பன் கடைக்கோ அனுப்பிவிடுவார்கள். அவன் எங்கே படுத்தான், எந்தக் கோவிலில் பூசை கண்டான், யாரோடு பேசினான் என்ற தகவல் அடுத்த தோணியில் ஊர் வந்து சேரும். பெண் பார்த்து முடித்தபின் அவனுக்கு ஆள் போகும். அவன் வருவான், தாலி கட்டுவான், ஆறு மாதத்தில் மறுபடியும் கொழும்புக்குப் போவான். இலங்கை விடுதலை பெற்று 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகும், 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தான பிறகும் அந்தப் போக்குவரத்து குறைந்து தேய்ந்தது. ஆனால் அது பழக்கிய மனம் மட்டும் தேயவில்லை. பிள்ளை எவ்வளவு தூரம் போனாலும் கயிற்றின் ஒரு நுனி வீட்டுத் தூணில் கட்டியிருக்கும் என்ற நம்பிக்கை அது. கொழும்புக்குப் போனவன் போன இடத்திலும் இந்த ஊருக்குள்தான் இருந்தான். அவனை நாம் அனுப்பினோம் எனலாமே தவிர, விட்டோம் என்று சொல்ல முடியாது.

கயிறு என்றதும் முத்துக்குளித்தல் நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவில் கடைசிப் பெருங்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. இன்றைய இளைஞர்களுக்கு அது அருங்காட்சியகச் செய்தி. கல்லைக் காலில் கோத்து இறங்குகிறவனின் உயிர் மேலே வள்ளத்தில் நிற்பவன் கையிலிருக்கும் கயிற்றில் இருந்தது. அந்தக் கயிற்றைப் பிடிக்கும் உரிமையை மனைவியின் உடன்பிறந்தானுக்குத்தான் கொடுப்பார்கள் என்றும், தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை அவன் விரும்பமாட்டான் என்பதே காரணம் என்றும் எங்கள் கரையில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். எல்லா வள்ளங்களிலும் அப்படித்தான் நடந்ததா என்று ஆராய்வது வரலாற்றாசிரியர் வேலை. என்னை ஈர்ப்பது அந்தச் சொல்வழக்கின் உள்ளே இருக்கும் கணக்குதான். பெற்ற தகப்பன் வள்ளத்திலேயே இருந்தாலும் கயிறு அவன் கையில் இல்லை. மகன் வளர்ந்து, தனக்கென ஒருத்தியை அடைந்தபின், அவன் உயிர்க்கயிறு அவள் வழியே வந்தவன் கைக்கு மாறிவிடுகிறது. இதை ஏற்றுக்கொண்ட மூதாதையர் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம் மறைவரலாறு முழுக்க விட்டுப் போனவர்களின் வரலாறு. வலையையும் தகப்பனையும் படகிலேயே விட்டுவிட்டுப் போன செபதேயுவின் மக்களைப் பற்றி எத்தனை மறையுரைகள் கேட்டிருப்போம்! படகில் உட்கார்ந்திருந்த செபதேயு அன்று மாலை வலையை எப்படிக் கரை சேர்த்தான் என்று ஒரு சாமியாரும் சொல்லிக் கேட்டதில்லை. மீன்பிடிக்கும் ஊரில் வேறெதைக் கேட்கத் தோன்றும்?

புனித சவேரியாரையே எடுத்துக்கொள்வோம். 1542-இல் இக்கரைக்கு வந்தவர். எங்கள் குன்றின் அடியிலுள்ள குகையில் தங்கித் தவம் செய்தார் என்பது மரபு. 1544-இல் மணப்பாட்டிலிருந்து தம் தோழர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவர் நவார் நாட்டிலுள்ள தம் வீட்டைவிட்டுப் பாரீசுக்குப் படிக்கச் சென்றது 1525-இல். தாய் மரியா 1529-இல் இறந்தார். மகனை அதன்பின் பார்க்கவேயில்லை. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1540-இல் உரோமையிலிருந்து லிஸ்பனுக்குப் போகும் வழியில், வீடு அருகில் இருந்தும் தாயைப் பார்க்காமலே சவேரியார் கடந்துபோனார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் சிலர் மெய்சிலிர்க்க எழுதிவைத்தார்கள். தாய் மண்ணுக்குள் போய்ப் பதினோராண்டு ஆகியிருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. துறவின் பெருமையைக் காட்ட, கண்ணீரோடு வாசலில் நிற்கும் ஒரு தாய் தேவைப்பட்டாள். இல்லாதவளை உண்டாக்கி நிறுத்தினார்கள்.

சவேரியார் 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமைத் தோழர்களுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. நம் கரையின் சிறுவர்களைப் பற்றி அதில் விரிவாகச் சொல்கிறார். உண்ணவும் உறங்கவும் விடாமல் செபம் கற்றுத்தரும்படி அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். தாய்தகப்பன் பழைய தெய்வங்களைக் கும்பிட்டால் அவர்களோடு சண்டையிடுகிறார்கள், அவரிடம் ஓடிவந்து புகார் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே போய்ச் சிலைகளை உடைத்ததாகவும் எழுதுகிறார். இதைப் படிக்கும்போது நம்மில் பலருக்குப் பெருமிதம் பொங்குகிறது. எனக்கு அந்த வீடுகளின் பெற்றோர் முகம்தான் தெரிகிறது. அவர்களும் முறைப்படி திருமுழுக்குப் பெற்றவர்களே. ஆனாலும் தங்கள் அம்மையப்பன் கும்பிட்டதை ஒரே நாளில் உதறிவிட முடியாமல் இருந்திருக்கிறார்கள். ஆக, இந்தக் கரையில் நம் விசுவாசம் ஊன்றிய முதல் தலைமுறையே, பிள்ளைகள் பெற்றோரின் தெய்வத்தை விட்டு விலகிய தலைமுறைதான். 480 ஆண்டுகளுக்குப் பின் ஒரு மகளோ மகனோ 'எனக்கு இந்த வழிபாட்டில் ஒன்றவில்லை' என்று சொல்லும்போது, இந்த ஊரில் இதுவரை நடந்தேயிராத ஒன்று நடந்துவிட்டதுபோல நாம் நெஞ்சில் அடித்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

இதை நான் வெறும் வாதத்துக்காக எழுதவில்லை. எங்கள் மகள் ஐரோப்பிய நகரமொன்றில் வேலை பார்க்கிறாள். அவள் திருமணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. மருமகன் வேற்று மதத்தவர், அவர் தம் மதத்தையும் பெரிதாகக் கைக்கொள்பவரல்லர். பேரன் பிறந்து மூன்றாண்டு ஆகிறது, இன்னும் திருமுழுக்கு ஆகவில்லை. பேறுகாலத்தில் மகளுக்குச் சிக்கல் வந்தபோது என் மனைவி சிலுவைக் கோவிலில் ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டாள்: தாயும் பிள்ளையும் நலமாகப் பிழைத்தால், பிள்ளையை அடுத்த திருவிழாவுக்குக் கொண்டுவந்து சிலுவையடியில் கிடத்தி, மகளும் முழந்தாளில் நடந்து நன்றி செலுத்துவாள் என்று. இருவரும் பிழைத்தார்கள். திருவிழா வந்தது, அவர்கள் வரவில்லை. தொலைபேசியில் கெஞ்சலும் அழுகையும் நடந்தன. மகள் கோபப்படவில்லை. "நேர்ந்தது நான் இல்லையே அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னது வேதத்தை மீறிய பேச்சுப்போலப் பட்டது அவளுக்கு. ஆனால் திருச்சபையின் சட்டமே மகளின் பக்கம் நிற்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1193-ஆம் எண் சட்டம், ஒரு நேர்ச்சை அதன் இயல்பிலேயே அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று வரையறுக்கிறது. நம் கரையில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். 'நீ குருவாவாய் என்று நேர்ந்திருக்கிறேன்', 'நம் சாதியில், நம் கோவிலில்தான் உனக்குக் கல்யாணம் என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறேன்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளின் வாழ்வை நாம் முன்கூட்டியே அடகு வைத்திருக்கிறோம்! அதே தொகுப்பின் 219-ஆம் எண், தன் வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் எவரும் வற்புறுத்தப்படாதிருக்கும் உரிமையைப் பற்றியது. மறைக்கல்வி வகுப்பில் இவற்றையெல்லாம் யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை என்பது தனிக்கதை.

அன்னாவும் தன் மகன் சாமுவேலைப் பிறக்குமுன்பே நேர்ந்துகொண்டாளே என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்விதான். அன்னா நேர்ந்தது பிள்ளையைத் தன்னிடமிருந்து விலக்கிக் கொடுப்பதாக. பால் மறந்ததும் கொண்டுபோய் விட்டாள். அதற்குப்பின் ஆண்டுக்கொருமுறை சின்னதாக ஒரு மேலாடை தைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவருவாள் என்று சாமுவேல் முதல் நூலில் வருகிறது. விவிலியத்தில் என்னை மிகவும் கலங்கடிக்கும் வரி அதுவே. ஓராண்டாகக் கண்ணில் படாத பிள்ளைக்கு என்ன அளவில் துணி வெட்டியிருப்பாள்? பக்கத்து வீட்டுப் பிள்ளையை நிறுத்தி அளந்திருப்பாளா? கை நீளம் குறைந்துபோய் அடுத்த ஆண்டு திருத்தியிருப்பாளா? நாம் நேர்ந்துகொள்வது இதற்கு நேர் எதிர். விலகிப்போன பிள்ளையைத் திரும்ப இழுக்க நேர்கிறோம். அதற்கு முன்மாதிரி தேடினால் இப்தாதான் கிடைப்பான். போரில் வென்றால், வீட்டுவாசலில் முதலில் எதிர்கொள்வதைப் பலியிடுவதாகச் சொன்னான். மேளத்தோடு ஆடிக்கொண்டு எதிரே வந்தவள் அவனுடைய ஒரே மகள். நேர்ந்தது தகப்பன், உயிரைக் கொடுத்தது அவள். நீதித் தலைவர்கள் நூலின் அந்தப் பகுதியைப் பெற்றோர் கூட்டங்களில் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

பேரனின் திருமுழுக்குக்கு வருகிறேன். இதில் பாட்டிமாரின் கைவரிசை நாடறிந்தது. பெற்றோர் கடைக்குப் போன நேரத்தில் அடுக்களைக் குழாயடியில் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார்கள். சிரிக்கலாம், ஆனால் இதுவும் ஒரு பறிப்புதான். சாவாபத்து நேர்ந்தாலன்றி, ஒரு குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தாய்தகப்பனில் ஒருவரின் சம்மதமேனும் வேண்டும் என்றும், குழந்தை கத்தோலிக்க நெறியில் வளரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கவேண்டும் என்றும் 868-ஆம் எண் சட்டம் கேட்கிறது. தாத்தா பாட்டியின் ஏக்கம் அங்கே கணக்கில் வரவில்லை. என் பேரன் சிலுவை அடையாளம் போடத் தெரியாமல் வளர்வது எனக்கு வலிக்கிறது. அந்த வலியை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது என் வலி. அதை ஆற்றும் பொறுப்பை மூன்று வயதுப் பிள்ளையின் தலைமேல் ஊற்ற முடியாது.

'அப்படியானால் பெற்றோரை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளைக்கு என்ன பொருள்?' என்று கேட்பார்கள். முதியோர் பராமரிப்பைக் கடமையாக்க 2007-இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றவேண்டி வந்த நாடு இது. பிள்ளைகள் பெற்றோரைப் பேணவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பேணுதல் வேறு, கீழ்ப்படிதல் வேறு. கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் பிள்ளைகளைக் கீழ்ப்படியச் சொல்லும் பவுல், உடனே அடுத்த வரியில் தந்தையரைப் பார்த்துத் திரும்புகிறார்: பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டி அவர்கள் மனம் தளரச் செய்யாதீர்கள் என்கிறார். திருமண மறையுரைகளில் முதல் வரிக்குக் கிடைக்கும் இடம் இரண்டாம் வரிக்குக் கிடைப்பதில்லை.

ஊதாரி மைந்தன் உவமையிலும் இதே கதைதான். மகன் திரும்பி வந்ததையும் தந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதையும் ஆண்டுதோறும் தவக்காலத்தில் கேட்கிறோம். கதையின் தொடக்கம் வேகமாகக் கடந்துபோய்விடும். தான் உயிரோடிருக்கும்போதே பங்கு கேட்ட மகனிடம் அந்தத் தந்தை ஒரு சொல்லும் பேசுவதில்லை. சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். தூர நாட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பதில்லை, பன்றிக்கூட்டத்தின் நடுவே பஞ்சத்தில் கிடந்தவனுக்குப் பணம் அனுப்பித் தன் கயிற்றை நீட்டுவதுமில்லை. அவன் திரும்புவான் என்ற உறுதியும் அவருக்கில்லை. திரும்பியதால்தான் அவர் நல்ல தந்தை ஆனார் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவன் திரும்பாமலே போயிருந்தாலும் அவர் அதே தந்தைதான்.

புனித மோனிக்காவைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. பிள்ளைகளுக்காக அழும் தாய்மாருக்கெல்லாம் அவரே பாதுகாவலி. எங்கள் வீட்டிலும் அவர் படம் உண்டு. அவர் மகன் அகுஸ்தினார் 383-இல் கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து உரோமைக்குக் கப்பலேறியபோது, தாய் அவரைப் பற்றிக்கொண்டு விடவில்லை. நண்பனை வழியனுப்ப வந்திருப்பதாகப் பொய் சொல்லி, அருகிலிருந்த புனித சிப்பிரியான் சிற்றாலயத்தில் தாயைத் தங்கவைத்துவிட்டு, இரவோடு இரவாகக் கப்பல் ஏறிப் போய்விட்டார். இதை 'ஒப்புதல்கள்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். பிடித்துக்கொண்ட கை எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், அதிலிருந்து நழுவ மகனுக்குப் பொய் தேவைப்பட்டது. நம் பிள்ளைகள் தொலைபேசியில் 'ஆமாம்மா, ஞாயிறு பூசைக்குப் போனேன்' என்று சொல்லும்போது எனக்குக் கார்த்தேஜ் துறைமுகம் நினைவுக்கு வருவதுண்டு.

மோனிக்கா பின்தொடர்ந்து மிலான் நகரம் சென்றார். அங்கே மகனுக்குத் தகுந்த இடத்தில் பெண் பார்த்தார். இதில் தம் தாயே பெரிதும் முனைந்ததாக அகுஸ்தினார் குறிப்பிடுகிறார். அதன் விளைவாக, பல ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றுத்தந்த பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அவள் பெயரைக்கூட அகுஸ்தினார் எழுதவில்லை. பார்த்த பெண்ணோடும் திருமணம் நடக்கவில்லை. மோனிக்காவின் கண்ணீரைப் போற்றும் பாடல்களில் இந்தப் பெண்ணின் கண்ணீர் வருவதில்லை. கண்ணீர் வீண்போகவில்லையே, 387-இல் அம்புரோசு ஆயர் கையால் மகன் திருமுழுக்குப் பெற்றாரே என்பார்கள். உண்மை. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே, மகனிடம் பேசிப் பார்க்கும்படி மோனிக்கா கெஞ்சியபோது, ஓர் ஆயர் சொன்ன முதல் யோசனை என்ன தெரியுமா? அவனை இப்போதைக்கு விட்டுவிடு, அவனுக்காக மன்றாடிக்கொண்டு மட்டும் இரு, அவனே படித்துத் தெரிந்துகொள்வான் என்பது. மோனிக்கா ஓயாமல் அழுது தொந்தரவு செய்தபின், சலிப்போடு அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம்தான், இவ்வளவு கண்ணீரின் மகன் அழிந்துபோக முடியாது என்னும் பொருள்படும் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம். அதைத்தான் படத்துக்கடியில் அச்சிடுகிறார்கள்.

என் பார்வையில் மோனிக்கா பிள்ளையை விட்டது ஒஸ்தியாத் துறைமுகத்தில். சொந்த ஊரில், கணவர் பத்ரீசியுசின் அருகே தமக்கான கல்லறையை நெடுநாள் முன்பே ஏற்பாடு செய்து, அதில் மிகுந்த பிடிப்போடு இருந்தவர் அவர். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த இடத்தில் காய்ச்சல் கண்டது. தாய்மண்ணில் இறந்தால் நல்லது என்று இன்னொரு மகன் சொல்ல வாயெடுத்தபோது, அவனைக் கடிந்துகொள்வதுபோலப் பார்த்தார். இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், அதற்காகக் கவலைப்படாதீர்கள், எங்கே இருந்தாலும் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் கேட்டது. அப்போது அவருக்கு ஐம்பத்தாறாம் வயது நடந்துகொண்டிருந்தது.

இதை எழுதக் காரணம், எங்கள் ஊரில் இப்போது முதியவர்கள் கூடினால் பேசுவது கல்லறையைப் பற்றித்தான். நவம்பர் 2-இல் யார் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள் என்ற கவலை எல்லோருக்கும் இருக்கிறது. பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்கிவைத்தவர்களும் உண்டு. நான் என் மக்கள் இருவருக்கும் எழுதிவிட்டேன்: இறந்த செய்தி கேட்டு அடித்துப்பிடித்து வரவேண்டாம், உடலை ஐஸ் பெட்டியில் மூன்று நாள் காக்கவைக்கவும் வேண்டாம், முடிந்தபோது வாருங்கள். மகனுக்கு இதில் வருத்தம். மகளிடமிருந்து நீண்ட பதில் வந்தது, அது எங்களுக்குள் இருக்கட்டும்.

என் மனைவி சென்ற செப்டம்பரில் நேர்ச்சையைத் தானே செலுத்தினாள். அறுபத்தெட்டு வயது முழங்காலுக்கு அந்தக் குன்றின் மணல் சுடும் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. மோனிக்காவின் ஒஸ்தியா நாள்களைப் பற்றிய பக்கங்களையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். தன் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் பங்குச் சாமியாரிடம் சொல்லிவைத்திருக்கும் இடத்தைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.